மலையை இடப்பக்கம் விட்டவர்கள்

அத்தியாயம் ஆறு

"இந்த ரெண்டு படத்துல ஒண்ணு அசல், ஒண்ணு திருட்டு. எது எதுன்னு சொல்லுங்க சார், பார்க்கலாம்" என்றார் சரவணகுமார். சொல்லிவிட்டுக் கைக்கடிகாரத்தையும் பார்த்துக்கொண்டார்.

துப்பறியச் சொல்லி வந்தவரே துப்பறிவாளருக்குப் பரீட்சை வைப்பதை ஓவியா இன்றைக்குத்தான் பார்க்கிறாள். சன்னதித் தெரு லாட்ஜ் ஒன்றின் மாடியில் இருந்தது பரசுராமன் புலனாய்வு நிலையம். படியேறி வருகிறவர்களில் பாதிப் பேர் ரூம் கேட்பவர்கள். மீதிப் பேர் பெண்ணுக்குப் பார்த்திருக்கும் மாப்பிள்ளை குடிப்பானா என்று கேட்பவர்கள். மூன்று வருஷமாக உதவியாளராக இருக்கும் ஓவியா, "ரூம் கீழே" என்று சொன்ன அளவுக்கு வேறெதையும் அந்த அறையில் சொன்னதில்லை.

பரசுராமன் மேசை டிராயரைத் திறந்து பூதக்கண்ணாடியை எடுத்தார். நாற்பத்தாறு வயது. முன்பு இன்சூரன்ஸ் சர்வேயர். நசுங்கிய லாரிகளைப் பார்த்து, எது எதன்மேல் மோதியது என்று சொல்லிச் சொல்லியே இந்தத் தொழிலுக்கு வந்து சேர்ந்தவர். அந்தப் பூதக்கண்ணாடி இதுவரை ஜாதகத்தில் அழித்து எழுதிய இடங்களை மட்டுமே பார்த்திருக்கிறது. இன்று அதற்கும் ஒரு பதவி உயர்வு.

இரண்டு படத்திலும் ஒரே காட்சி. காலை வெயிலில் ஒரு ரயில்வே பிளாட்பாரம், வந்து நிற்கப்போகும் ரயில், பின்னால் அண்ணாமலை. மலைக்கும் பிளாட்பாரத்துக்கும் நடுவே சாலையில் கூட்டமாக ஜனங்கள் நடந்து போகிறார்கள்.

"நம்ம ஸ்டேஷன்தானே? இதுல என்ன அதிசயம்?" என்றாள் ஓவியா.

"நம்ம ஸ்டேஷன் இல்லம்மா. நாங்க செஞ்சது" என்றார் சரவணகுமார், அந்தக் கேள்விக்காகவே காத்திருந்த முகத்தோடு.

அவர் கீழ்பென்னாத்தூரில் கல்யாண ஸ்டுடியோ வைத்திருப்பவர். ஊரில் மாடல் ரயில் சங்கம் ஒன்று இருப்பதும், அதற்கு அவர் செயலாளர் என்பதும், வேங்கிக்காலில் தலைவர் தசரதனின் வீட்டு மாடியில் பதினான்கு அடி நீளத்துக்கு ஸ்டேஷனும் மலையுமாகக் கட்டி வைத்திருப்பதும் அடுத்த மூன்று நிமிஷத்தில் தெரிந்துவிட்டது. மலை தெர்மாகோலும் பிளாஸ்டரும். மண், காய வைத்த தேயிலைத் தூள். எல்லாமே நிஜத்தில் எண்பத்தேழில் ஒரு பங்கு.

"ஆளுங்க உயரம் ரெண்டு சென்டிமீட்டர். அதைப் படம் எடுத்தா நிஜம்னு நம்பணும். அதுலதான் இருக்கு வித்தை."

"அந்த உயரத்துக்கு எங்க ஆபீஸ் கல்யாண மண்டபம் மாதிரி இருக்கும்" என்றாள் ஓவியா.

சரவணகுமார் சிரிக்கவில்லை. சென்னையில் வருஷா வருஷம் நடக்கும் மாடல் ரயில் படப் போட்டிக்கு ஆறு வருஷமாக அனுப்பிக்கொண்டிருக்கிறாராம். ஆறுதல் பரிசுகூட வந்ததில்லை. இந்த வருஷம் முதல் பரிசுக்குத் தேர்வான படம் அவருடையது. ஆனால் அதே படம் இன்னொரு உறையிலும் வந்திருக்கிறது. அனுப்பியவர் சங்கத்திலேயே கடைசியாகச் சேர்ந்த தனம்.

"யாரு அவங்க?"

"லேடீஸ் டெய்லர். பொம்மைக்குத் துணி தைக்க வந்தாங்க. அப்படியே உக்காந்துட்டாங்க."

பரசுராமன் நிமிராமல் கேட்டார். "அசல் ஃபைல் இருந்தா ஒரு நிமிஷத்துல தெரிஞ்சிடுமே."

"அதான் சார் கொடுமை. என் கம்ப்யூட்டர் போன மாசம் உக்காந்துடுச்சு. அந்தம்மா போன் பக்கெட் தண்ணியில விழுந்துடுச்சாம். பிரிண்ட்தான் மிச்சம்."

"ரெண்டு பேருக்கும் விபத்து" என்று ஓவியா தனக்குத் தானே சொல்லிக்கொண்டாள்.

"நாலு மணிக்கு சங்கத்துல கூட்டம். அஞ்சு மணிக்குள்ள யார் எடுத்தது, யார் திருடினதுன்னு போட்டிக் குழுவுக்குச் சொல்லணும். நாங்களே சொன்னா ஒருதலைப்பட்சம்னு பேசுவாங்க. நீங்க வந்து சொன்னா, அந்தம்மாவை நீக்கிட்டு வேலையைப் பார்க்கலாம்."

பரசுராமன் பூதக்கண்ணாடியைக் கீழே வைத்தார். அவர் முகத்தில் சர்வேயர் காலத்துப் புன்னகை வந்திருந்தது. "உங்க படத்துல ஜனங்க வலப்பக்கத்துல இருந்து இடப்பக்கம் போறாங்க. மலை அவங்களுக்கு வலது கைப் பக்கம். அந்தம்மா படத்துல எல்லாம் தலைகீழ். மலை இடது கைப் பக்கம்."

"கண்டுபிடிச்சிட்டீங்களே" என்று சரவணகுமார் மேசையைத் தட்டினார். "பதினோரு வருஷமா ஒரு பௌர்ணமி விடாம மலை சுத்தறவன் சார் நான். பதினாலு கிலோமீட்டரும் வெறுங்கால். மலையை இடப்பக்கம் விட்டுட்டு யாராவது நடப்பாங்களா? இந்த ஊர்ல கைக்குழந்தைக்குக்கூடத் தெரியும். என் படத்தைத் திருடி, கண்ணாடியில தெரியற மாதிரி திருப்பிப் போட்டு அனுப்பியிருக்காங்க."

"அவங்க படத்துல ஓரமா மஞ்சள் போர்டு இருக்கே. திருவண்ணாமலைன்னு எழுத்து நேரா இருக்கு. திருப்பினா எழுத்தும் திரும்பியிருக்கணுமே?" என்றாள் ஓவியா. சரவணகுமாரின் படம் ஓரத்தில் கொஞ்சம் குறுகலாக இருந்தது. அதில் போர்டே இல்லை.

"கம்ப்யூட்டர்ல ஒட்டியிருப்பாங்க."

"டெய்லரம்மாவுக்கு அவ்வளவு கம்ப்யூட்டர் வருமா?"

"யாராவது செஞ்சு குடுத்திருப்பாங்கம்மா. இந்தக் காலத்துல எல்லாருக்கும் எல்லாம் வருது" என்று சொல்லிவிட்டு எழுந்தார் சரவணகுமார்.

அவர் படியிறங்கிய பிறகு பரசுராமன் நாற்காலியில் சாய்ந்துகொண்டார். அவருடைய வாழ்க்கையில் ஒரு வழக்கு இவ்வளவு சீக்கிரம் முடிந்ததில்லை. மணி இரண்டே முக்கால்.

"கிளம்பு ஓவியா. அந்தம்மாவைப் பார்த்துச் சொல்லிட்டு வந்துடலாம். அவங்களே ஒத்துக்கிட்டா கூட்டத்துல அசிங்கப்பட வேணாம்."

"குற்றவாளிக்கு முன்கூட்டியே தகவல் சொல்ற ஒரே துப்பறிவாளர் நீங்கதான் பாஸ்."

* * *

தேரடி வீதிக்குப் பின்னால் ஒரு சந்தில் இருந்தது தனத்தின் கடை. முகூர்த்த மாசம் என்பதால் ஞாயிற்றுக்கிழமையும் திறந்திருந்தது. சுவர் முழுக்கப் பட்டுப்புடவைகள், ஒவ்வொன்றிலும் பேர் எழுதிய சீட்டு குத்தி. நாற்பதைத் தாண்டிய தனம், கழுத்தில் இஞ்ச் டேப்போடு ஜாக்கெட் துணி வெட்டிக்கொண்டிருந்தாள். இரண்டு பேரையும் பார்த்ததும் ஓவியாவின் தோளைக் கண்ணாலேயே அளந்துவிட்டு, பரசுராமனைப் பார்த்து, "ஜென்ட்ஸ் தைக்கறதில்லைங்க" என்றாள்.

பரசுராமன் தான் யார் என்பதைச் சொன்னார். கத்தரிக்கோல் நின்றது.

"துப்பறியறவரா? என்னைப் புடிக்கவா?" தனம் கத்தரிக்கோலைக் கீழே வைத்தாள். "இன்னா சார் இது. நான் எடுத்த படத்துக்கு நானே திருடியா?"

"நீங்க எடுத்ததுன்னு நீங்க சொல்றீங்க. அவர் எடுத்ததுன்னு அவர் சொல்றார்."

"என் போன்ல எடுத்தேன் சார். பிரிண்ட் போட அவர் கடைக்குத்தான் போனேன். 'கடையில மாட்டி வைக்கவா'ன்னு கேட்டாரு, சிரிச்சுக்கினே வந்துட்டேன். போட்டிக்கு அனுப்பப் போறேன்னு சொல்ல வெக்கமா இருந்தது." சுவரில் தொங்கிய புடவைகளைக் காட்டினாள். "இதெல்லாம் பாத்தீங்களா? கூரைப் புடவை. ஒரு ரசீது கெடையாது. நம்பி வச்சிட்டுப் போறாங்க. திருடின்னு சங்கத்துல எழுதிட்டா, நாளைக்கு இந்த வீதியில எவ என் கையில பட்டு குடுப்பா?"

ஓவியாவுக்கு அந்தச் சீட்டுகளைப் பார்க்கவே சங்கடமாக இருந்தது. முடிந்துபோன வழக்கு என்று சொல்லிக்கொண்டு வந்தது இங்கே கொஞ்சமும் பொருந்தவில்லை. ஆனால் பரசுராமன் தன் கண்டுபிடிப்பைச் சொல்லாமல் போகிற ஆள் இல்லை.

"அம்மா, உங்க படத்துல ஜனங்க மலையை எப்படிச் சுத்தறாங்கன்னு பாருங்க. மலை இடப்பக்கம் இருக்கு."

"அவங்க எங்க சார் சுத்தறாங்க?" என்றாள் தனம்.

"பின்ன?"

"சுத்தி முடிச்சிட்டாங்க. பௌர்ணமிக்கு மறுநாள் காலைல. ஸ்பெஷல் ரயிலு வந்துடுச்சு, ஸ்டேஷனுக்கு ஓடறாங்க. கால்ல செருப்பு பாக்கலையா? மலை சுத்தறப்ப எவனாவது செருப்பு போடுவானா? முப்பத்தோரு ஜோடி. தீக்குச்சி முனையில பெயிண்ட் தொட்டுத் தொட்டு மூணு நாளாச்சு."

பரசுராமன் பையைத் திறந்து பூதக்கண்ணாடியை எடுத்தார். படத்தின் மேல் குனிந்தார். வெகுநேரம் நிமிரவில்லை.

"செருப்புதான்" என்றார் கடைசியில்.

"இதை ஏன் சங்கத்துல சொல்லலை நீங்க?" என்றாள் ஓவியா.

"யாரு கேட்டாங்க?"

அவள் எப்படிச் சங்கத்துக்கு வந்தாள் என்பதையும் அப்போதுதான் சொன்னாள். இரண்டு வருஷத்துக்கு முன் தசரதன் வீட்டம்மாவுக்கு ஜாக்கெட் கொடுக்கப் போனபோது மாடியில் ரயில் ஓடும் சத்தம் கேட்டு எட்டிப் பார்த்திருக்கிறாள். திருவண்ணாமலை பிளாட்பாரத்தில், வெளிநாட்டிலிருந்து வாங்கிய பொம்மைகள் கம்பளிக் கோட்டும் தொப்பியுமாக நின்றுகொண்டிருந்தன. 'இந்த வெயில்ல எதுக்குங்க இவங்களுக்குக் கோட்டு' என்று கேட்டிருக்கிறாள். அடுத்த வாரமே களிமண்ணும் டிஷ்யூ பேப்பருமாகப் புடவை கட்டிய ஆறு பெண்களைச் செய்து கொண்டுபோய் நிறுத்திவிட்டாள். சரவணகுமார் அதை 'துணி தைக்க வந்தாங்க' என்று சுருக்கிவிட்டார்.

அவர் அனுப்பிய படத்தை அவள் இன்னும் பார்த்ததே இல்லையாம். பரசுராமன் அதைக் காட்டவில்லை. காட்டத் தோன்றாத அளவுக்கு அவர் குழம்பியிருந்தார். "நாலு மணிக்கு வந்துடுங்க" என்று மட்டும் சொல்லிவிட்டு வெளியே வந்தார்.

* * *

ஸ்கூட்டரை ஓவியா ஓட்டினாள். பின்னால் பரசுராமன் இரண்டு படங்களையும் மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"செருப்பை வச்சு எதையும் நிரூபிக்க முடியாதும்மா. ரெண்டு படத்துலயும் செருப்பு இருக்கு. படத்தைத் திருப்பினா செருப்பு கழண்டு விழாது."

"அப்ப எது திருப்பினதுன்னு எப்படித் தெரியும்?"

"திருப்பினா மாறுற ஏதாவது வேணும். கை, கடிகாரம், எழுத்து..."

வேங்கிக்கால் போகும் சாலையில் முன்னால் ஒரு பைக். பின்சீட்டில் ஓர் அம்மா ஒருக்களித்து உட்கார்ந்து, காற்றில் பறக்கும் முந்தானையை இழுத்து இழுத்துச் செருகிக்கொண்டிருந்தார். ஓவியா அதையே பார்த்துக்கொண்டு வந்தவள், கலெக்டர் ஆபீஸ் வளைவுக்கு முன்னால் வண்டியைச் சட்டென்று ஓரம் கட்டினாள். பரசுராமனின் மூக்கு அவளுடைய ஹெல்மெட்டில் இடித்தது.

"பாஸ், அந்த அம்மாவுக்கு முந்தானை எந்தத் தோள்ல?"

"எதுக்கு என்னைப் பொம்பளைங்களைப் பார்க்கச் சொல்றே?"

"சொல்லுங்க."

"இடது தோள்ல."

"எல்லாருக்கும் இடது தோள்லதான். லென்ஸைக் குடுங்க."

சாலையோரம், லாரி ஒன்று புழுதி கிளப்பிக்கொண்டு போக, ஓவியா இரண்டு படங்களையும் ஸ்கூட்டர் சீட்டில் பரப்பினாள். தனத்தின் படத்தில் புடவை கட்டியவர்கள் பதினாலு பேர். பதினாலு பேருக்கும் முந்தானை இடது தோளில். சரவணகுமாரின் படத்திலும் அதே பதினாலு பேர். பதினாலு முந்தானையும் வலது தோளில்.

பரசுராமன் மூக்கைத் தடவிக்கொண்டே இரண்டு தடவை எண்ணினார். "நம்மகிட்ட வந்த ஆளேதான் திருடன்" என்றார் மெதுவாக. "திருடன் எதுக்கும்மா துப்பறியறவன்கிட்ட வரணும்?"

"உங்களைப் பத்தி நல்லா விசாரிச்சிட்டு வந்திருப்பார் பாஸ்."

* * *

மாடியறைக்குள் நுழைந்ததும் ஓவியாவுக்கு வந்த வேலையே ஒரு கணம் மறந்துவிட்டது. இடுப்பு உயரத்தில் அவளுடைய ஊர் முழுசாக இருந்தது. நடைமேம்பாலம், தண்ணீர்க் குழாய், ஸ்டேஷன் வாசலில் நாலு ஆட்டோ, எல்லாவற்றுக்கும் மேல் மலை. பாத்திரம் தேய்க்கும் நாரில் செய்த மரங்களுக்கு நடுவே ஒரு மாடு படுத்திருந்தது. ஜனங்கள்தான் இல்லை. படம் எடுக்கும்போது மட்டும் ஒரு சொட்டுப் பசையில் நிறுத்தி, எடுத்து முடித்ததும் டப்பாவில் போட்டுவிடுவார்களாம்.

தலைவர் தசரதன் கருவூலத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். இந்தத் தகராறு வந்ததிலிருந்து அவருக்குச் சரியாகத் தூக்கமில்லை என்பது கண்ணில் தெரிந்தது. தனம் சுவரோரமாக நின்றாள். நாற்காலி காலியாக இருந்தும் உட்காரவில்லை.

"சொல்லுங்க சார். எந்தப் படம் திருப்பினது?" என்றார் சரவணகுமார் தாராளமாக.

"உங்களோடது" என்றார் பரசுராமன்.

ஓவியா முந்தானைக் கதையைச் சொன்னாள். தசரதன் இரண்டு படங்களையும் மாறி மாறிப் பார்த்தார். தனம் முதல் தடவையாக அந்த இன்னொரு படத்தை எட்டிப் பார்த்துவிட்டு, "அய்ய, என்னாது இது" என்று முகம் சுளித்தாள். பதினாலு பேருக்குத் தவறாகப் புடவை கட்டியதைப் பார்த்த டெய்லரின் சுளிப்பு அது.

சரவணகுமார் அசரவில்லை. "இவ்வளவுதானா? பொம்மை செஞ்சது யாரு? இந்தம்மா. முந்தானையைத் தப்பான தோள்ல வச்சு செஞ்சிட்டாங்க. நான் என்ன பண்றது?"

"பதினாலு பேருக்குமா? வலது தோள்ல போட எல்லாரும் மடிசாரா கட்டியிருக்காங்க?" என்றாள் ஓவியா.

"பொம்மையை எடுத்துப் பார்த்தாப் போச்சு" என்று தசரதன் எழுந்துபோய் அலமாரியைத் திறந்தார். டப்பாவை எடுத்தார். மூடியைக் கழற்றியவர் அப்படியே நின்றுவிட்டார்.

உள்ளே கோட்டும் தொப்பியுமாகப் பத்துப் பன்னிரண்டு வெளிநாட்டுக்காரர்கள் மட்டும் இருந்தார்கள். புடவை கட்டியவர்களும் வேட்டி கட்டியவர்களும் ஒருவர்கூட இல்லை.

"எல்லாம் இங்கதானே வச்சிருந்தேன்" என்றாள் தனம். அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. படம் போனபோதுகூட அவள் இப்படி ஆகவில்லை என்று ஓவியாவுக்குத் தோன்றியது.

"எலி ஏதாவது..." என்றார் சரவணகுமார்.

"நம்ம ஊர்க்காரங்களை மட்டும் எடுத்துட்டுப் போற எலியா? அலமாரிச் சாவி யார்கிட்ட இருக்கு?" என்றாள் ஓவியா.

"என்கிட்ட ஒண்ணு. செயலாளர்கிட்ட ஒண்ணு" என்றார் தசரதன் தரையைப் பார்த்துக்கொண்டு.

"ஆதாரம் இல்லாமப் பேசாதீங்க" என்று சரவணகுமார் குரலை உயர்த்தினார். "என் படத்துல ஜனங்க ஒழுங்கா கிரிவலம் போறாங்க. நான் அப்படித்தான் வச்சேன், என் கையால. அவங்க படத்துல எதிர்ப்பக்கம் போறாங்க. பார்க்கறவங்களுக்கே தெரியும் எது அசல்னு."

மணி நாலே கால். ஓவியா தன் முதலாளியைப் பார்த்தாள். அவரிடம் பொம்மை இல்லை, ஃபைல் இல்லை. தோற்றுப்போனால் அவர் வழக்கமாகத் தொண்டையைக் கனைப்பார். இப்போது கனைக்கவில்லை.

"சரிதான் சார். நீங்க சொல்றதை அப்படியே எழுதிக் குடுத்துடுங்க. குழுவுக்கு அனுப்பிடலாம்" என்றார் பரசுராமன் பணிவாக.

"தாராளமா."

சரவணகுமார் எழுதினார். 'படத்தில் இருப்பவர்கள் கிரிவலம் செல்லும் பக்தர்கள். நானே என் கையால் அவர்களை இப்படி நிறுத்தினேன்.' கீழே கையெழுத்தும் போட்டார். பரசுராமன் தாளை வாங்கிப் படித்துவிட்டு, பூதக்கண்ணாடியை அவரிடம் நீட்டினார்.

"இப்ப உங்க பக்தர்களோட காலைக் கொஞ்சம் பாருங்க."

சரவணகுமார் பார்த்தார். முதலில் அலட்சியமாக, பிறகு கண்ணைச் சுருக்கிக்கொண்டு, பிறகு படத்தை வெளிச்சத்துக்குக் கொண்டுபோய். அவருடைய நெற்றியில் விபூதிக்கு நடுவே வியர்வை துளிர்த்தது.

"செருப்பு" என்றார்.

"முப்பத்தோரு பேரும். அண்ணாமலையாரைச் செருப்புக் காலோட சுத்தறாங்க. நீங்கதான் நிறுத்தினீங்க, உங்க கையால. கையெழுத்தும் இருக்கு. பதினோரு வருஷம் வெறுங்காலா நடந்தவர் இப்படிச் செஞ்சாருன்னு ஊருக்குத் தெரிஞ்சா..."

"அய்யோ, நான் அப்படிச் செய்வேனா சார்? திருப்பறப்ப நான் காலை எங்க பார்த்தேன்? மலையை இடப்பக்கம் விட்டுட்டுப் போறாங்களேன்னுதானே திருப்பினேன்."

சொல்லி முடித்த பிறகுதான் என்ன சொன்னோம் என்பது அவர் காதுக்கு எட்டியது.

படத்தைத் திருடிய அன்று அவருடைய மனசாட்சி அயர்ந்து தூங்கியிருக்கிறது. இன்னொருத்தி உழைப்பில் தன் பேரை ஒட்டும்போதும் அது புரண்டு படுக்கவில்லை. ஜனங்கள் வழி மாறிப் போகிறார்களே என்று கண்ட கணத்தில்தான் துள்ளி எழுந்து, அவர்களை நல்வழிப்படுத்தி, அவரை மாட்டிவிட்டது. திருடியதை அப்படியே அனுப்பியிருந்தால் ஒருவராலும் கண்டுபிடித்திருக்க முடியாது.

சரவணகுமார் கேமரா பையின் பக்கவாட்டு ஜிப்பைத் திறந்து ஒரு சின்ன டப்பாவை எடுத்து மேசைமேல் வைத்தார். உள்ளே பஞ்சுக்கு நடுவே முப்பத்தோரு பேரும் பத்திரமாகப் படுத்திருந்தார்கள். "தூக்கிப் போட மனசு வரலை" என்றார். அது உண்மை என்றே ஓவியாவுக்குப் பட்டது. உண்மையாக இருந்ததால் அவர்மேல் இன்னும் கோபம் வந்தது.

தசரதன் போட்டிக் குழுவுக்குப் போன் செய்தார். நடந்ததைச் சொன்னார். கேட்டுக்கொண்டே இருந்தவர் முகம் வாடியது.

"பிரிண்ட்டை மட்டும் வச்சு இனிமே ஏத்துக்க மாட்டாங்களாம். அஞ்சு மணிக்குள்ள அதே காட்சியைப் புதுசா எடுத்து, எடுத்த ஃபைலை அப்படியே அனுப்பணுமாம். இல்லைன்னா ரெண்டு படமும் நீக்கம். விடும்மா தனம். திருடின்னு வந்த பேரு போயிடுச்சில்ல, அது போதும்."

"போதாது சார்" என்றாள் தனம். கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "நீக்கிட்டாங்கன்னா, இன்னாத்துக்கு நீக்கினாங்கன்னு ஊரு கேக்கும். ஒவ்வொருத்தர்கிட்டயும் போயி முந்தானைக் கதை சொல்லிக்கினு இருக்க முடியுமா? இன்னும் அரை மணி இருக்குது."

அவள் இஞ்ச் டேப்பைக் கழுத்திலிருந்து கழற்றி வைத்தாள். ஓவியா பசைத் தட்டைப் பிடித்துக்கொண்டாள். முப்பத்தோரு பேரையும் ஊசி முனையால் தூக்கி, காலில் ஒரு பொட்டுப் பசை தொட்டு, சாலையில் ஒவ்வொருவராக நிறுத்தினாள் தனம். அவள் விரல் ஒரு தடவைகூடத் தடுமாறவில்லை. மலை இடப்பக்கம் இருக்க, ஜனங்கள் மறுபடியும் ரயிலைப் பிடிக்கக் கிளம்பினார்கள்.

பிறகு தனம் ஓவியாவின் போனை வாங்கித் தலைகீழாகக் கவிழ்த்துத் தண்டவாளத்துக்குப் பக்கத்தில் வைத்தாள். அப்படி வைத்தால்தான் லென்ஸ் ரெண்டு சென்டிமீட்டர் ஆளின் கண் உயரத்துக்கு இறங்குமாம். திரையைப் பார்த்தவள் உதட்டைக் கடித்தாள். அன்று எடுத்தது காலை வெயிலில். இப்போது வெயில் மேற்கு ஜன்னலில், மலைக்குப் பின்னால் இருந்தது. ஜனங்கள் முகத்தில் ஒரே இருட்டு.

பரசுராமன் டியூப் லைட்டைப் போட்டார். ஸ்டேஷன் உடனே பொம்மை ஆகிவிட்டது. அணைத்துவிட்டார். தசரதன் வெள்ளைத் தெர்மாகோல் அட்டை ஒன்றை எடுத்து வெயிலைத் திருப்பப் பார்த்தார். கை நடுங்கியது, வெளிச்சமும் கூடவே நடுங்கியது.

மணி நாலு ஐம்பது. சரவணகுமார் யாரையும் பார்க்காமல் செருப்பை மாட்டிக்கொண்டு வாசலில் நின்றிருந்தார்.

"சரவணகுமார் சார், எங்க போறீங்க?" என்றாள் தனம், திரையிலிருந்து கண்ணை எடுக்காமல். "இங்க வேற யாருக்கு வெளிச்சம் புடிக்கத் தெரியும்?"

அவர் நம்பாமல் பார்த்தார். பிறகு செருப்பைக் கழற்றிவிட்டு வந்து தசரதன் கையிலிருந்த அட்டையை வாங்கினார். எத்தனையோ கல்யாணங்களில் பழகிய கை. ஜன்னல் வெயிலை அள்ளி, மெல்லத் திருப்பி, சாலையில் வைத்தார். முப்பத்தோரு முகங்களும் விடிந்தன.

"இன்னும் கொஞ்சம் எறக்குங்க" என்றாள் தனம்.

"எறக்கினா பிளாட்பாரம் வெளுத்துடும். நீங்க போனைக் கொஞ்சம் உள்ள தள்ளுங்க" என்றார் அவர், தன்னை மறந்து.

தள்ளினாள். சரியாக இருந்தது. தசரதன் விசையைத் திருக, ரயில் பிளாட்பாரத்துக்குள் ஊர்ந்து வந்தது. தனம் ஒன்பது படம் எடுத்தாள். ஒன்பதாவதைப் பார்த்துவிட்டுத் தலையாட்டினாள்.

குழுவின் படிவத்தை ஓவியா போனில் திறந்தாள். "படம் எடுத்தவர், தனம்" என்று உரக்கச் சொல்லிக்கொண்டே அடித்தாள். "பொம்மைகள், தனம். ஒளி அமைப்பு... இதுக்கு ஒரு கட்டம் இருக்கு. காலியா விட்டுடட்டுமா?"

தனம் போனை வாங்கி, ஒற்றை விரலால் எழுத்து எழுத்தாக அடித்தாள். சரவணகுமார், கீழ்பென்னாத்தூர்.

"அக்கா, அவரு உங்களைத் திருடின்னு சொன்னவரு."

"ஆமா. ஆனா வெளிச்சம் அவரு புடிச்சதுதானே" என்றாள் தனம். "அதுக்கும் என் பேரைப் போட்டுக்கினா அவரு சொன்னது நெசமாயிடும்."

நாலு ஐம்பத்தெட்டுக்குப் படம் போய்ச் சேர்ந்தது. சரவணகுமார் இன்னும் அட்டையைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தார். கீழே வைக்கச் சொல்லி யாரும் சொல்லவில்லை. அவருக்கும் வைக்கத் தைரியம் வரவில்லை.